இடம் இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள்: ஆஃப்-ரோடு வண்டியில் கட்டுமானப் பொருட்களைக் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

லாரி போக முடியாத இடத்தில் வீடோ கொட்டகையோ கட்டுகிறவர்களுக்கு ஜீப்பும் பிக்கப்பும்தான் கைகொடுக்கும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மண்பாதை, ஒரு ஓடை, ஒரு செங்குத்தான ஏற்றம் என்று இருந்தால் சிமெண்டிலிருந்து கம்பி வரைக்கும் எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். வண்டியும் முதல் நாள் முனகாமல் இழுக்கும். அந்தத் தெம்பில் மறுநாள் இன்னும் இரண்டு மூட்டை கூடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு அது ஒரு மழை நாளில் புரிந்தது. தேவையான சிமெண்டை ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று ஏற்றினேன். முன்பக்கம் கருவிப்பெட்டி இருந்ததால் மூட்டைகளெல்லாம் பின் கதவை ஒட்டி அடுக்கப்பட்டன. சமதரையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்றத்தில் ஒரு வளைவு வந்தது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பியும் வண்டி நேராகவே போனது. முன் சக்கரங்கள் திரும்பித்தான் இருந்தன, ஆனால் மண்ணைப் பிடிக்கவில்லை. அன்று பாதையோரத்து மண்மேடு தடுத்தது. எதிர்ப்பக்கம் பள்ளம். அன்றிலிருந்து நான் ஏற்றும் முறையே மாறிவிட்டது. அந்த முறையைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: வண்டிக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம்?

தயாரிப்பாளர் கொடுக்கும் எண்கள் இரண்டைத் தேடி எடுங்கள். ஒன்று, எல்லாம் ஏற்றிய நிலையில் வண்டி இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. மற்றொன்று, வெறும் வண்டியின் எடை. இவை வண்டியின் கையேட்டிலோ, கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ, பதிவு ஆவணத்திலோ இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது வண்டி தாங்கும் சுமை.

அந்தச் சுமை முழுவதும் சிமெண்டுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பிக்கப்பின் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ, வெறும் எடை 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 900. ஓட்டுநரும் கூட ஒருவரும் சேர்ந்து 150 கிலோ. பிற்பாடு மாட்டிய இரும்பு பம்பரும் வின்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) 100. மேலே கேரியர் 30. கருவிகள், கயிறு, கூடுதல் தண்ணீர், இன்னொரு ஸ்டெப்னி எல்லாம் 40. ஆகக் கையில் இருப்பது 580 கிலோதான். 50 கிலோ மூட்டையில் 11. பன்னிரண்டாவது மூட்டை வரம்பை மீறிவிடும். (வெறும் எடைக்குள் ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. உங்கள் கையேடு எப்படிச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) சந்தேகமாக இருந்தால் வண்டியை நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையிலேயே ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு முறை செய்தால் போதும்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருக்கலாம். கட்டுமானப் பொருள் ஏற்றுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. ஏனென்று கொஞ்சம் கீழே வருகிறது.

இன்னும் ஒன்று. இந்த எண்களெல்லாம் ஒழுங்கான சாலையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. குழியில் சக்கரம் விழுந்து எழும்போது அதே 500 கிலோ ஸ்பிரிங்கின் மேல் அதைவிடப் பல மடங்காக இறங்கும். அதனால் கரடுமுரடான பாதைக்கு நான் மிச்சச் சுமையில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, என் அனுபவக் கணக்கு. ஆனால் இதனால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்) உடைவது நின்றுபோனது.

இரண்டாவது படி: ஏற்றும் பொருளின் எடை

கண் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். பஞ்சு மெத்தையும் மணலும் ஒரே இடத்தை அடைக்கலாம்; வண்டி இரண்டையும் ஒன்றாக நினைக்காது. ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள ஒரு பிக்கப்பின் பின்தொட்டி ஏறத்தாழ ஒரு கன மீட்டர். ஒரு கன மீட்டர் காய்ந்த மணல் சுமார் 1,600 கிலோ. நனைந்த மணல் 1,800, 1,900 வரைக்கும் போகும். ஜல்லியும் 1,500, 1,600ஐ ஒட்டித்தான். தொட்டி நிறைய மணல் அள்ளிப் போட்டால் மேலே நாம் கணக்குப் போட்ட வண்டி தன் வரம்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சுமக்கும். 580 கிலோ மணல் அந்தத் தொட்டியில் எவ்வளவு உயரம் நிற்கும் தெரியுமா? 16 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை. தொட்டி காலியாகக் கிடக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் வண்டி நிறைந்துவிட்டது. தொட்டியின் உள்சுவரில் சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். மண் அள்ளிப் போடுகிறவருக்கும் அந்தக் கோட்டைக் காட்டிவிட்டால் வாய்ச்சண்டை வராது.

மற்றப் பொருட்களுக்குக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்:

- கம்பி: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. 16 மி.மீ. என்றால் ஒன்றே 19 கிலோ.
- செங்கல்: அளவைப் பொறுத்து ஒன்று சுமார் 3 கிலோ. 200 கல் 600 கிலோ.
- கெட்டியான கான்கிரீட் பிளாக், 40 × 20 × 20 செ.மீ.: 35 கிலோவை ஒட்டி.
- 18 மி.மீ. ப்ளைவுட், எட்டுக்கு நாலு அடி: ஒரு பலகை 32 கிலோவுக்கு மேல்.
- கண்ணாடி: 5 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் 12.5 கிலோ.
- தண்ணீர்: ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

செங்கல், பிளாக் மாதிரிப் பொருட்களுக்குக் கடைக்காரர் சொல்லும் எடையை விட, ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்து எண்ணிக்கையால் பெருக்குவது நல்லது. மழையில் நனைந்த செங்கல் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும்.

கணக்கு வரம்பைத் தாண்டினால் இன்னொரு நடை அடியுங்கள். எரிபொருள் செலவாகும், நேரமும் போகும், தெரியும். ஆனால் உடைந்த அச்சோடு காட்டுப் பாதையில் நிற்பதைவிட இரண்டு நடை மலிவு.

மூன்றாவது படி: புறப்படும் முன் வண்டியைப் பார்ப்பது

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு சுமை எண் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450. அது முழுக் காற்றில் தாங்கும் எடை. காற்று குறைந்தால் தாங்கும் திறனும் குறையும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று கதவோரத் தகட்டில் தனியாக எழுதியிருக்கும். பெரும்பாலும் பின் டயருக்கு அதிகம் கேட்கும். தார்ச்சாலையில் அந்த அளவை வைத்தே ஓட்டுங்கள்.

மணலிலும் சேற்றிலும் காற்றை இறக்குவது நல்ல பழக்கம்தான். காலி வண்டியில் சிலர் 16, 18 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். சுமையோடு அப்படிச் செய்தால் பக்கச்சுவர் மடிந்து, கல் குத்திக் கிழியும், சூடேறி வெடிக்கவும் செய்யும். சுமை இருக்கும்போது பின் டயரை 25க்குக் கீழே நான் கொண்டுபோவதில்லை. இறக்கிய காற்றோடு வேகம் கூட்டுவதும் இல்லை. கெட்டியான சாலைக்குத் திரும்பியதும் அடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும்.

ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஃப்-ரோடு வண்டிகளில் பல, சக்கரம் மேலும் கீழும் நிறைய அசைந்து தரையைப் பிடிக்கும்படி மென்மையான ஸ்பிரிங்கோடு வருகின்றன. கல்லும் பள்ளமும் தாண்ட அது வரம். சுமைக்கு அது எதிரி. பாரம் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, ஸ்பிரிங் அசைய இடமில்லாமல் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். வண்டி கரடுமுரடான பாதையில் ஓடுகிறது என்பதற்காக அது பெரும் பாரம் சுமக்கும் என்று பொருள் இல்லை. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான முதல் லேண்ட் ரோவர் வயல் வேலைக்காகவே பிறந்தது. இன்றைய சொகுசு எஸ்யூவிகள் பலவற்றுக்கு அந்த நோக்கம் இல்லை. வண்டியின் தோற்றத்தை நம்பாமல் அதன் எண்ணை நம்புங்கள்.

பின்பக்கம் அமுங்குகிறதே என்று காற்றுப் பை வைத்துத் தூக்கி நிறுத்துகிறவர்கள் உண்டு. வண்டி நிமிர்ந்து நிற்கும். வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் சுமை வழக்கமாக ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் பிரிந்து சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இறங்கும். பை வைத்தால் நடுவில் ஒரே இடத்தில் குத்தும். பின்னால் பாரம் தொங்க, பாதையும் துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருந்தால், இரட்டைக் கேபின் பிக்கப்புகளில் கேபினுக்குப் பின்னால் சேஸிஸே வளைந்துபோவது உண்டு.

நான்காவது படி: எங்கே எதை வைப்பது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே பாதி விபத்து தவிர்ந்துவிடும். விதி சுலபம்: கனமானது தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால், இடமும் வலமும் சமமாக.

பின் அச்சை, குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் நடுமுட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் பின்னால் வைக்கும் பாரம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால் 300 கிலோவை வைத்தால் முன் அச்சு 90 கிலோ இலகுவாகிறது. பின் அச்சின் மேல் 390 கிலோ விழுகிறது. வைத்தது 300, பின் அச்சு சுமப்பது 390. பின் அச்சு வரம்பு முதலில் மீறப்படுவதற்குக் காரணம் இதுதான். வழுக்கும் ஏற்றத்தில் இந்த 90 கிலோவோடு சரிவும் சேர்ந்துகொள்ள, முன் சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லாமல் போகும். அன்று எனக்கு நடந்தது இதுதான். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரங்கள்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சிமெண்ட் மூட்டையை, பிளாக்கை, கம்பிக் கட்டை எல்லாம் கேபின் சுவரோடு ஒட்டி அடுக்கத் தொடங்குங்கள். இடையில் இடைவெளி விட வேண்டாம். முதல் வரிசை சுவரில் முட்டி நிற்க வேண்டும், அடுத்தது முதல் வரிசையில். ஏற்றி முடித்ததும் பின்னால் காலி இடம் கிடந்தால் மகிழ்ச்சியடையுங்கள், அதை நிரப்பத் தேடாதீர்கள்.

எல்லாம் ஏறியதும் பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் மூக்கைத் தூக்கி நின்றால் மறுபடியும் அடுக்க வேண்டும். பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காலி வண்டியில் அளந்து ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும்.

மூடிய எஸ்யூவியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு கெஞ்சல். பின் இருக்கைகளை நிமிர்த்தியே வைத்து, அவற்றின் முதுகோடு ஒட்டி, இருக்கையின் உயரத்தைத் தாண்டாமல் அடுக்குங்கள். இரும்புக் கம்பித் தடுப்பு இருந்தால் அதை மாட்டாமல் புறப்படாதீர்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 50 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ ஒரு டன் விசையோடு முன்னால் பாயும். தலைக்குப் பின்னால் கட்டாமல் கிடக்கும் ஒற்றைச் செங்கல் போதும் உயிரை எடுக்க. சுமை ஏறிய அன்று பின் இருக்கையில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பிக்கப்பின் சுமை மேல் யாரையும் ஏற்றவே ஏற்றாதீர்கள், அரைக் கிலோமீட்டர்தான் என்றாலும்.

பொருளுக்குப் பொருள் முறை மாறும்

மணல், ஜல்லியை அப்படியே கொட்டினால் சரிவில் ஒரு பக்கமாக நகரும். நான் சாக்கில் பாதியளவு நிரப்பி, வாய் கட்டி, படுக்கவைத்து அடுக்குகிறேன். தூக்கவும் இலகு, எண்ணிக்கையிலேயே எடையும் தெரிந்துவிடும். கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் அம்பாரமாக விடாமல் பரப்பிவிட்டு, தார்பாய் போர்த்துங்கள். பறக்கும் மணல் பின்னால் வருகிறவர் கண்ணில் விழும்.

சிமெண்டுக்கு அடியில் ஒரு பலகையும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டு, மேலேயும் மூடுங்கள். மூடிய வண்டியில் கிழிந்த மூட்டையை ஏற்ற வேண்டாம். ஈரமான சிமெண்ட் கடும் காரம். வியர்த்த தோலில் பட்டு அப்படியே இருந்தால் புண்ணாக்கிவிடும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் போங்கள்.

டைல்ஸ் பெட்டியையும் கண்ணாடியையும் படுக்க வைத்தால் ஒரே குலுக்கலில் விரிசல் விழும். நிற்க வைத்து, ஒன்றோடொன்று நெருக்கி, கேபின் சுவரில் லேசாகச் சாய்த்து, இடையில் அட்டை கொடுங்கள். ப்ளைவுட் அதற்கு நேர் எதிர்: படுக்க வைப்பதுதான் நல்லது. அதன்மேல் வேறு கனமான பொருளை அடுக்கினால் ப்ளைவுட்டே வழுக்குத் தளமாகிவிடும் என்பதால் நடுவில் ரப்பர் பாய் ஒன்று போடுங்கள்.

கம்பிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. 12 மீட்டர் கம்பியை நாலைந்து மீட்டர் வண்டியில் கொண்டுபோக முடியாது. கேபின் மேலே போட்டு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். திடீர் பிரேக்கில் அந்தக் கட்டு ஈட்டியாகப் பாயும். முறுக்கு இருப்பதால் கம்பியும் கம்பியும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது பாதிதான் உண்மை. எண்ணெயோ சேறோ பட்டால் கட்டின் நடுவிலிருந்து ஒரு கம்பி மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கடையிலேயே தேவையான நீளத்துக்கு வெட்டி வாங்கிவிடுங்கள். எந்தத் துண்டு எங்கே போகும் என்று கம்பி கட்டுகிறவரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு போனால் வீணாகாது. கம்பிக் கட்டினை மூன்று இடத்தில் இறுக்கி, முனைகளைக் கேபின் சுவரில் கனமான பலகை வைத்து முட்டக் கொடுங்கள். கொஞ்சம் பின்னால் நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்து, முனையில் சாக்கைச் சுற்றி, பகலில் சிவப்புத் துணியும் இருட்டில் சிவப்பு விளக்கும் கட்டுங்கள். பின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் பின் விளக்கும் எண் பலகையும் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை ஒன்று முழுதாக நிரப்புங்கள், இல்லையேல் காலியாகக் கொண்டுபோங்கள். பாதி நிரம்பிய 500 லிட்டர் தொட்டியில் தண்ணீர் வளைவில் ஒரு பக்கம் ஓடி மோதும். வண்டி நேரான பிறகும் அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது படி: கட்டுவது

கனமான பொருள் எங்கே ஓடிவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கனம் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளாது. சுமை கட்டுவதற்குப் பல நாடுகளில் பின்பற்றும் அளவு இது: முன்னோக்கி, சுமையின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம். 500 கிலோ சுமைக்கு முன்னால் 400 கிலோ, பக்கத்தில் 250 கிலோ. இது சாலைக்கு. குண்டு குழியில் சுமை ஒரு கணம் மேலே எழும்பும், அப்போது உராய்வே இருக்காது.

மேலிருந்து பெல்ட் போட்டு இறுக்கும்போது அது சுமையை நேராகப் பிடிப்பதில்லை; தளத்தோடு அழுத்துகிறது, உராய்வுதான் பிடிக்கிறது. பலகைக்கும் இரும்புத் தளத்துக்கும் உராய்வு 0.4 என்று வைத்தால், 500 கிலோ சுமை தன் எடையாலேயே 200 கிலோ விசையைத் தாங்கும். இன்னும் 200 வேண்டும். அதற்குப் பெல்ட்கள் கூடுதலாக 500 கிலோ அழுத்த வேண்டும். அடியில் ஒரு ரப்பர் பாய் விரித்தால் உராய்வு 0.6 ஆகும், அப்போது 170 கிலோ அழுத்தம் போதும். பழைய கன்வேயர் ரப்பர் துண்டு ஒன்று இவ்வளவு வேலை செய்கிறது. கேபின் சுவரில் சுமையை முட்டக் கொடுத்துவிட்டாலோ முன்னோக்கிய விசையில் பெரும்பங்கைச் சுவரே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் இடைவெளி விடாமல் அடுக்கச் சொன்னேன்.

ராட்செட் பெல்ட் (கைப்பிடியை அசைத்து இறுக்கும் பெல்ட்) வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் அறுபடும் எடையைப் பார்க்காதீர்கள். சின்ன எழுத்தில் வேலைச் சுமை என்று இருப்பதுதான் நமக்கு. அது அறுபடும் எடையில் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ இருக்கும். எழுத்து அழிந்த பெல்ட்டை நம்ப வேண்டாம். பெல்ட்டை வெயிலில் பிரித்து விரலால் இரண்டு ஓரங்களையும் தடவிக்கொண்டே போங்கள். செங்கல் விளிம்பு அறுத்த இடத்தில் நூல் பிசிறு பிசிறாக நிற்கும். ஓரத்தில் அரை செ.மீ. அறுந்திருந்தாலும் அந்தப் பெல்ட் கனச்சுமைக்கு இனி ஆகாது. கூரான விளிம்பு வருகிற இடத்தில் மடித்த ரப்பரோ தடித்த அட்டையோ கொடுங்கள். அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஒட்டுப்போடுவது கூடாது, முடிச்சு அதன் வலுவைத் தின்றுவிடும்.

பெல்ட் தளத்தோடு செங்குத்தாக இறங்கினால் இழுவிசை முழுதும் அழுத்தமாகும். 30 பாகையில் சாய்ந்து இறங்கினால் பாதிதான் அழுத்தமாகும், மீதி வீண். தாழ்வான சுமைக்கு இதுதான் சிக்கல். அப்போது மேலே ஒரு கட்டை வைத்து உயர்த்தி, அதன் மேல் பெல்ட் ஓடட்டும். கொக்கியை மாட்டும் வளையம் சேஸிஸோடோ பாடியோடோ உறுதியாகப் போல்ட் போட்டதாக இருக்க வேண்டும், தகர விளிம்பில் மாட்டக் கூடாது. கயிறுதான் இருக்கிறது என்றால் நைலான் வேண்டாம், பாலியெஸ்டர் எடுங்கள். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் தளரும்.

புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் நின்று ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சுமை அதற்குள் அமர்ந்து, பெல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். மண்பாதை தொடங்கும் இடத்தில் இன்னொரு முறை. இதைச் சோம்பேறித்தனத்தால் நான் விட்டதே கிடையாது.

கூரைக் கேரியரைப் பற்றி இரண்டே வரி. பல வண்டிகளுக்கு அதன் வரம்பு 75 முதல் 100 கிலோதான், கேரியரின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். கரடான பாதைக்கு அதிலும் குறைத்துச் சொல்வார்கள். மேலே தகர ஷீட், பிளாஸ்டிக் குழாய் மாதிரி இலகுவானதை மட்டும் வையுங்கள். ஷீட்டின் முன் ஓரத்தைத் தனியாகக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டாவிட்டால் காற்று அதன் அடியில் புகுந்து இறக்கை மாதிரி தூக்கிவிடும்.

ஆறாவது படி: ஓட்டுவது

பாரம் ஏறிய வண்டி வேறொரு வண்டி. ஆளில்லாத சமதரையில் முதலில் இரண்டு முறை பிரேக் பிடித்து, ஒரு முறை திரும்பிப் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று கைகால் தெரிந்துகொள்ளட்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 40இலிருந்து 20க்கு இறங்குவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அதிலேயே தெரியும். இரவில் போவதென்றால் முகப்பு விளக்கைக் கீழிறக்குங்கள். பின்பக்கம் அமுங்கியதால் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும்.

சந்தேகமான இடம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள். சுமையால் அடிப்பாகம் தாழ்ந்திருக்கிறது. காலியாகப் போனபோது தட்டாத கல் இன்று தட்டும். பின் பம்பர் ஓடைக் கரையில் இடிக்கும். ஓடையில் தண்ணீர் இருந்தால் நடந்து பார்க்காமல் இறங்கவே வேண்டாம்.

ஏற்றத்தில் லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) போட்டு, ஏறி முடிக்கிற வரைக்கும் கியர் மாற்றத் தேவையில்லாத கியரில் நேராக ஏறுங்கள். பாதியில் இழுக்காமல் நின்றுபோனால் வண்டியைத் திருப்ப முயலாதீர்கள். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் குறுக்காகத் திரும்பிய சுமை வண்டி உருளும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதும் அதே அளவு ஆபத்து.

இறக்கம்தான் உண்மையான சோதனை. மேலே நின்று, லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்ட பிறகு இறங்கத் தொடங்குங்கள். நடுவழியில் கியரைத் தேடக் கூடாது. எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும், பிரேக் துணைக்கு மட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே நீண்ட இறக்கம் இறங்கினால் அது சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

குறுக்குச் சரிவு, அதாவது ஒரு பக்கச் சக்கரம் உயரத்திலும் மறுபக்கம் பள்ளத்திலும் ஓடும் பாதை, சுமையோடு தவிர்க்க வேண்டியது. வேறு வழியே இல்லை என்றால் பாதிச் சுமையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு முறையாகத் தாண்டுங்கள்.

மாட்டிக்கொண்டால்

முதலில் சுமையை இறக்குங்கள். வேண்டா வெறுப்பான வேலைதான், ஆனால் 500 கிலோ குறைந்த வண்டி பல நேரம் தானாகவே வெளியே வந்துவிடும். இழுக்க வேண்டி வந்தால் அதற்கென்று சேஸிஸில் உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்து குண்டாகப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. இழுகயிற்றின் மேல் ஈரச் சாக்கையோ கனமான போர்வையையோ போடுங்கள். சுற்றி நிற்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

இறக்குவது

வந்து சேர்ந்த நிம்மதியில் அவசரப்படுவது சகஜம். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னால் இருக்கும் பாரத்தை இறக்க இறக்க, பின் சக்கரத்தின் பிடிப்பும் குறைந்துகொண்டே போகும். ஏற்றியபோது நின்ற வண்டி பாதி இறக்கியபின் நகரத் தொடங்கலாம். சமமான இடத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்ட பிறகே பெல்ட்டில் கை வையுங்கள். கம்பிக் கட்டையும் கண்ணாடியையும் கட்டிய பெல்ட்டை அவிழ்க்கும்போது சரியக்கூடிய பக்கத்தில் நிற்காதீர்கள்.

மூட்டையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருப்ப வேண்டாம்; காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். 50 கிலோவை இரண்டு பேர் தூக்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

காலியானதும் அடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை விரிசல் விட்டிருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, டயரின் உட்புறம் வெட்டு இருக்கிறதா? வீல் நட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள். சுமைக்காக ஏற்றிய காற்றையும் இறக்கிய முகப்பு விளக்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். தொட்டியின் மூலையில் நாலு ஜல்லி மிச்சம் கிடந்தால் அதையும் பெருக்கித் தள்ளிவிடுங்கள். அடுத்த நடையில் மூட்டைக்கு அடியில் மாட்டி அதைக் கிழிப்பது அதுதான்.